கைநாட்டுக்குத் துணை நின்ற அம்மையார்



கைநாட்டு என்றால் நம்மில் சிலருக்கு ஓர் இளப்பம். எழுதப் படிக்கத் தெரியாத ஆள் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கட்டைவிரல் மையிலே எத்தனை குடும்பங்களின் வீடும் காசும் பிள்ளைகளின் படிப்பும் கரைந்து போயிருக்கிறது என்று கணக்குப் பார்த்தவர் யாரும் இல்லை.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அப்பா இறந்தபோது நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். லயத்து வீடு அப்பா பேரில் இருந்தது. அம்மா காண்டிராக்ட் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். கருமாதி முடிந்த மறுநாள் ஆபிசிலிருந்து ஒரு தாள் வந்தது. அப்பாவுக்குச் சேர வேண்டிய பணத்துக்கான தாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். கொண்டுவந்தவரும் இல்லை என்று சொல்லவில்லை. விரலைப் பிடித்து மையிலே தேய்த்து வைத்தாயிற்று. இன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்கிறேன் என்று அம்மாவே ஒத்துக்கொண்ட தாள் அது என்பது, அந்தத் தேதி நெருங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எந்தத் தோட்டம், யார் வந்தார் என்பதையெல்லாம் இங்கே கிளறப்போவதில்லை. அம்மா மேல் குற்றம் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. படிக்கத் தெரியாதவர் மேல் தப்பில்லை. படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியவர் மேல்தான் தப்பு. இந்த ஒரு விஷயத்துக்காகவே தன் ஆயுளில் பாதியைச் செலவழித்த ஓர் அம்மையாரின் கதையை இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர் தோட்டத்தில் பிறந்தவர் அல்லர். தொழிற்சங்கத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவருடைய அரசியல்கூட நமக்கு ஒத்துவராது. அதையும் மறைக்காமல் பின்னால் சொல்வேன். அவர் பெயர் கொர்னீலியா சொராப்ஜி. இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் என்று பெயர் பெற்றவர்.

தாய் காட்டிய வழி

கொர்னீலியா 1866ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பம்பாய் மாகாணத்து நாசிக்கில் பிறந்தார். தந்தை பார்சி சமூகத்திலிருந்து கிறிஸ்துவ சமயத்துக்கு வந்த பாதிரியார். தாயார் பிரான்சினா புனா நகரில் பள்ளிக்கூடங்கள் நடத்தியவர். வீடு நிறையப் பெண் பிள்ளைகள். பெண்ணாய்ப் பிறந்துவிட்டதே என்று அந்த வீட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு தங்கை டாக்டரானார், இன்னொரு தங்கை பள்ளி நிறுவினார். கொர்னீலியா சட்டம் படித்தார்.

ஏன் சட்டம்? அதற்கும் ஒரு தாள்தான் காரணம். கொர்னீலியா சிறு பெண்ணாக இருந்தபோது, வசதியான வீட்டுப் பெண் ஒருவர் அழுதுகொண்டே பிரான்சினா அம்மையாரைத் தேடி வந்தார். அவருடைய சொத்தைப் பார்த்துக்கொண்ட காரியஸ்தர் அவரை நம்பவைத்துக் கையெழுத்து வாங்கி, சொத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஆண் வக்கீலைப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு வழக்கம் இடம் கொடுக்கவில்லை. பெண் வக்கீலோ நாட்டிலேயே கிடையாது. இந்த மாதிரிப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீ சட்டம் படித்தால் அவர்களுக்கு உதவலாம் என்று தாயார் மகளிடம் சொன்னார். அந்தப் பேச்சு பிள்ளையின் மனதில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது.

புனா டெக்கான் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண் அவர். பட்டத் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அந்தத் தேர்வில் முதலாவதாக வருகிறவருக்கு இங்கிலாந்து சென்று படிக்க அரசாங்கம் உபகாரச் சம்பளம் கொடுப்பது வழக்கம். பெண் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதை இவருக்கு மறுத்துவிட்டார்கள். அம்மையார் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஆமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் உள்ள நல்ல மனிதர்கள் பணம் சேர்த்து உதவினார்கள். நோயாளிகளின் தாய் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அதில் ஒருவர்.

1889இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் சாமர்வில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தார். 1892இல் அங்கே உயர் சட்டத் தேர்வு எழுதினார். பெண்ணின் விடைத்தாளைத் திருத்தமாட்டேன் என்று ஒருவர் அடம்பிடிக்க, பல்கலைக்கழகமே தனியாக ஒரு தீர்மானம் போட வேண்டியதாயிற்று. தேர்வில் தேறியும் பட்டம் கையில் கிடைக்கவில்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆக்ஸ்போர்டு சம்மதித்தது 1920இல்தான். அம்மையார் தமது பட்டத்தை வாங்கியது 1922இல். எழுதிய பரீட்சைக்கு முப்பது வருஷம் கழித்துப் பட்டம்!

திரைக்கு அந்தப் பக்கம்

அம்மையார் யாருக்காகப் பாடுபட்டார் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வட இந்தியாவில் அக்காலத்தில் பெரிய வீட்டு இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் திரைக்குப் பின்னால் வாழ்ந்தார்கள். குடும்பத்துக்கு வெளியே உள்ள எந்த ஆணின் முகத்தையும் பார்க்கக் கூடாது, தம் முகத்தையும் காட்டக் கூடாது. பர்தா என்பது அந்தத் திரைக்குப் பெயர்.

அவர்களுக்குச் சொத்து இல்லாமல் இல்லை. கணவன் இறந்தால் விதவைக்கு ஜீவனாம்சம் உண்டு, நிலத்தில் பாத்தியதை உண்டு. சட்டப் புத்தகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் கோர்ட்டுக்கும் நடுவே ஒரு சங்கிலி போலக் கொழுந்தன், காரியஸ்தர், குமாஸ்தா, வக்கீல் என்று ஆண்களாகவே நின்றார்கள். திரைக்கு அடியில் தாள் உள்ளே போகும். ஒப்பமோ கைநாட்டோ வைத்து வெளியே வரும். உள்ளே தாளில் விரல் வைத்தது யார், அவருக்கு என்ன சொல்லி வாங்கினார்கள் என்பது வெளியில் இருந்தவர்களுக்குத் தெரியாது. சொந்தப் பந்தமே எதிராளியாக இருந்தால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லுவார்?

சட்டம் சுத்தமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்றும் சொல்ல முடியாது. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் என்னும் உச்ச மேல்முறையீட்டு மன்றம், திரைமறைவுப் பெண்கள் விஷயத்தில் நியாயமான ஒரு விதியை நிலைநாட்டியிருந்தது. அப்படிப்பட்ட பெண் எழுதிக் கொடுத்ததாக ஒருவர் தாளைக் காட்டினால், கைநாட்டு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. தாளை அவருக்குப் படித்துக் காட்டினார்களா, அவருக்குப் புரிந்ததா, அவர் பக்கம் நின்று யோசனை சொல்ல ஆள் இருந்ததா என்பதைத் தாளைக் காட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை என்று நிரூபிக்கிற பாரத்தை அந்தப் பெண்ணின் தலையில் வைக்கவில்லை. பின்னாளில் இந்திய நீதிமன்றங்கள் எழுதப் படிக்கத் தெரியாத ஏழைப் பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பை நீட்டின. அதுபோல, வெளியே வர வழக்கமில்லாத பெண் கோர்ட்டுக்கு வராமலே, கோர்ட்டு அனுப்பும் ஆளிடம் வீட்டிலிருந்து சாட்சி சொல்லவும் சட்டத்தில் இடம் இருந்தது.

எல்லாம் சரி, ஆனால் அந்தச் சட்டத்தைத் திரைக்கு உள்ளே எடுத்துக்கொண்டு போக ஆள்? வக்கீல் ஆண், அதிகாரி ஆண், கோர்ட்டு அனுப்பும் ஆளும் ஆண். மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நோயாளி வீட்டில் கிடக்கிறார், கொண்டுபோய்க் கொடுக்க மனிதர் இல்லை. கொர்னீலியா அம்மையார் அந்த மனிதராக இருக்க நினைத்தார்.

கதவைத் தட்டிய பத்து வருஷம்

ஊர் திரும்பிய அம்மையாருக்குக் கத்தியவார், இந்தூர் சமஸ்தானங்களில் பெண்கள் சார்பாக மனுக் கொடுக்க மட்டும் தனி அனுமதி கிடைத்தது. கோர்ட்டில் நின்று பேச உரிமை இல்லை. 1896இல் புனா கோர்ட்டில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்காக அவர் வாதாட எழுந்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்காகக் கோர்ட்டின் அனுமதியோடு யாரும் பேசலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே நுழைந்தார். 1897இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் எடுத்தார். 1899இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் வக்கீல் பரீட்சையிலும் தேறினார். தேறிய பிறகும் பெண்ணை வக்கீலாகப் பதிய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாளில் நடந்த ஒரு வேடிக்கையை அம்மையாரே தம் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு சமஸ்தானத்தில் யானை ஒன்றுக்கு மானியமாக விட்டிருந்த வாழைத் தோட்டத்தை ராஜா எடுத்துக்கொண்டார். யானைக்காக அம்மையார் வழக்குப் பேசப் போனார். நீதிபதி யாரென்று பார்த்தால் அதே ராஜா! ராஜாவின் நாய் அம்மையாரிடம் வாலாட்டிப் பழகியதைப் பார்த்து, சரி, உனக்கே ஜெயம் என்று ராஜா தீர்ப்புச் சொல்லிவிட்டார். கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் நாய் குரைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்று துரையின் முகம் பார்த்து நம்ம பாட்டன்மார் நின்றதும் இதே மாதிரிதான். தயவு வேறு, நியாயம் வேறு.

1902 முதல் அம்மையார் இங்கிலாந்து அரசாங்கத்துக்கு எழுத ஆரம்பித்தார். பெண்களுக்கும் மைனர் பிள்ளைகளுக்கும் சட்ட யோசனை சொல்ல ஒரு பெண் அதிகாரி வேண்டும் என்று பத்திரிகையிலும் எழுதினார், மேலதிகாரிகளையும் விடாமல் பார்த்தார். 1904இல் பலன் கிடைத்தது. வங்காளத்தில் வார்டுகள் நீதிமன்றம் என்று ஓர் அரசாங்க அமைப்பு இருந்தது. வாரிசு மைனராகவோ, சொத்தைப் பராமரிக்க இயலாத பெண்ணாகவோ இருக்கும் ஜமீன் சொத்துகளைக் காப்பது அதன் வேலை. அதில் பெண் உதவியாளராக அம்மையார் நியமிக்கப்பட்டார். அன்றும் வக்கீல் என்ற பெயர் கிடைக்கவில்லை.

அறுநூறு பேருக்கு மேல்

வங்காளம், பீகார், ஒரிசா, அசாம் என்று நான்கு பக்கமும் அலைந்தார். இரயில், படகு, பல்லக்கு, யானை என்று எது கிடைத்ததோ அதில் போனார். திரைக்கு உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பேச்சை முழுக்கக் கேட்டார். ஜீவனாம்சம் ஒழுங்காக வருகிறதா, கணக்கு சரியா, நகை எங்கே, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, வீட்டில் யாராவது மிரட்டுகிறார்களா என்று விசாரித்தார். எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினார். கேட்டதை அரசாங்கத்துக்கு அறிக்கையாக எழுதினார். சொத்துத் தகராறு உள்ள வீடுகளில் விதவைக்கும் வாரிசுப் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்து இருந்தது. அந்த வீடுகளுக்கும் துணிந்து போனார். பல விஷயங்களைக் கோர்ட்டுக்குப் போகவிடாமல் பேசியே தீர்த்தார்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அனாதைப் பிள்ளைகளுக்கும் அவர் துணை நின்றார் என்று கணக்குச் சொல்கிறார்கள். 1909இல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது.

வக்கீல் உரிமை மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. 1916இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் ரெஜினா குஹா என்னும் பெண்மணியையும், 1921இல் பாட்னா உயர்நீதிமன்றம் சுதான்சுபாலா ஹஸ்ரா என்னும் பெண்மணியையும் பதிய மறுத்தன. அதே 1921இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் மனம் மாறி கொர்னீலியாவைப் பதிந்துகொண்டது. 1923இல் பெண் வழக்கறிஞர் சட்டம் வந்து நாடு முழுவதும் கதவு திறந்தது. அம்மையார் 1924இல் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். அப்போது வயது ஐம்பத்தேழு. வழக்குகள் பேசக் கிடைத்ததைவிட, எழுத்தில் யோசனை சொல்லக் கிடைத்ததே அதிகம். 1929இல் ஓய்வு பெற்றார். கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கிப் போயிற்று. 1954 ஜூலை 6ஆம் நாள் இலண்டனில் தமது எண்பத்தேழாம் வயதில் காலமானார். 2012இல் இலண்டன் லிங்கன்ஸ் இன் என்னும் வழக்கறிஞர் சபையில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள்.

நமக்கு ஒத்துவராதது

அம்மையார் வெள்ளைக்காரன் ஆட்சியை ஆதரித்தவர். காந்தியடிகளின் போராட்டத்தை எதிர்த்தார். 1927இல் இந்தியாவை இழிவுபடுத்தி அமெரிக்கப் பெண்மணி ஒருவர் எழுதிய புத்தகத்துக்குப் பரிந்து பேசி, சொந்த நாட்டில் பேரைக் கெடுத்துக்கொண்டார். அவர் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் ஜமீன் வீட்டுப் பெண்கள். அதே ஜமீன் நிலத்தில் உழுத குடியானவனுக்காக அவர் அந்த அளவுக்கு அலையவில்லை. அவர் படகில் ஏறி ஜமீன் வீடுகளுக்குப் போன அதே ஆண்டுகளில், நம் முன்னோர்கள் கப்பலில் மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒப்பந்தத் தாளில் கைநாட்டு வைத்தவர்களும் உண்டு. அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் நின்றது. அந்தத் தாளைப் படித்துக் காட்ட ஒரு கொர்னீலியா வரவில்லை.

இதையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆனாலும் நல்ல கத்தியை யார் தீட்டிக் கொடுத்தால் என்ன, நம் கையில் இருந்தால் பால் மரம் சீவலாம். உரிமையைப் புத்தகத்தில் எழுதி வைத்தால் பாதி வேலைதான் முடிந்தது. அதை இயலாதவரின் வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் முழு வேலை. அம்மையார் காட்டிக்கொடுத்தது இதைத்தான்.

நம் வாசலில்

இந்தக் கதை ஏதோ தூரத்து ஊர்க்கதை என்று நினைக்காதீர்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டதுதான் நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். வயதாலோ நோயாலோ துயரத்தாலோ மனம் தளர்ந்திருப்பவரைத் தன் பிடியில் வைத்து, தகாத முறையில் சம்மதம் வாங்கினால் அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்ய வழி உண்டு என்று அதன் 16, 20ஆம் பிரிவுகள் சொல்கின்றன. கைநாட்டைப் பற்றி விதி சொன்ன அதே பிரிவி கவுன்சில்தான் 1985 வரை நம் நாட்டுக்கும் மேல்முறையீட்டு மன்றமாக இருந்தது.

கோர்ட்டைக் கண்டு நடுங்குகிற பிள்ளைகளுக்கும் இப்போது திரை உண்டு. ஆனால் அது அடைத்து வைக்கிற திரை இல்லை, காப்பாற்றுகிற திரை. 2007ஆம் ஆண்டு சிறுவர் சாட்சிச் சட்டப்படி, பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் திரை மறைவிலோ வீடியோ மூலமோ சாட்சி சொல்லலாம்; கூடவே பெரியவர் ஒருவர் துணைக்கு இருக்கலாம். வசதி இல்லாதவர்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கச் சட்ட உதவி இருக்கிறது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உண்டு. போலீஸ் பிடித்த நேரத்திலேயே மலேசியக் குடிமக்களுக்கு இலவச வக்கீல் கொடுக்க, 2012 முதல் தேசிய சட்ட உதவி அறவாரியம் இயங்குகிறது.

எல்லாம் இருக்கிறது. அன்று திரைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கும் எல்லாம் இருந்தது! கொண்டுபோய்ச் சேர்க்க ஆள்தான் இல்லை. அந்த ஆள் வேறு யாரும் இல்லை, நாம்தான். கிளைத் தலைவர், செயலாளர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், நாலெழுத்துப் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சரி.

தாய்மார்களே, புரியாத தாளில் விரல் வைக்காதீர்கள். தமிழில் படித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்பது அவமானம் இல்லை. நாளைக்கு வருகிறேன், என் பிள்ளையிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரப்படுத்துகிறார்கள் என்றாலே அங்கே ஏதோ இருக்கிறது. விரல் வைத்த பிறகு சட்டத்தால் மீட்கலாம்தான். ஆனால் அதற்குள் வருஷங்கள் ஓடிவிடும், வீடு போய்விடும்.

இன்னொன்று. இப்போது நம் தோட்டங்களில் நமக்குப் பக்கத்து நிரையில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நிற்கிறார்கள். தாள் ஒரு மொழியில், அவர்கள் பேசுவது வேறு மொழியில். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை, என்ன தாள் அது என்று கேளுங்கள்.

என் அம்மா இப்போது இல்லை. கடைசி வரைக்கும், நான்தான்யா வீட்டைத் தொலைத்தேன் என்று தன்னையே நொந்துகொண்டு போய்ச் சேர்ந்தார். அன்று எங்கள் லயத்தில் ஒரே ஒரு ஆள், இரு அம்மா, படித்துப் பார்த்துவிட்டு விரல் வைக்கலாம் என்று சொல்லியிருந்தால் போதும். நீங்கள் அந்த ஒரு ஆளாக இருங்கள்.